பேய் எங்கே இருக்கிறது?

(பொதுக்கூட்டம் ஒன்றில் செய்த சொற்பொழிவு)



இன்று மூளையையும் மனதையும் பற்றி நான் பேசவேண்டுமென்று கேட்டிருக்கிறார்கள். நான் டாக்டர் அல்ல. காலேஜில் படித்தவனும் அல்ல. கைக்குக் கிடைத்த புத்தகங்களைப் படித்தும், தெரியாததைத் தெரிந்தவர்களிடம் கேட்டும் தெரிந்துகொண்டவன். ஆகவே நான் சொல்லுகிறேன் என்பதற்காக எதையும் நம்பாதீர்கள். உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டதை எடுத்துக்கொள்ளுங்கள், மற்றதைத் தள்ளிவிடுங்கள்.

இருபது வயது வரை நன்றாக இருந்த ஒரு வாலிபன் தனக்குத்தானே பேசத் தொடங்குகிறான். யாரோ காதில் பேசுவதாகச் சொல்லுகிறான். அடுத்த வீட்டுக்காரர் தன்னைக் கொல்லச் சதி செய்வதாகப் பயப்படுகிறான். குளிப்பதில்லை, உண்பதில்லை, தூங்குவதில்லை. இதற்கு மனச்சிதைவு நோய் என்று பெயர். இங்கிலீஷில் ஸ்கிஸோபிரினியா என்பார்கள். 1908ல் சுவிட்சர்லாந்து டாக்டர் பிளாய்லர் வைத்த பெயர் அது. உலகத்தில் ஏறக்குறைய 2 கோடியே 40 லட்சம் பேருக்கு, அதாவது சுமார் 300 பேருக்கு ஒருவருக்கு, இந்நோய் இருப்பதாக உலக சுகாதார ஸ்தாபனம் கணக்குச் சொல்லியிருக்கிறது. எந்த ஜாதியும் எந்த மதமும் இதற்கு விலக்கல்ல.

நம் ஜனங்கள் என்ன செய்கிறார்கள்? பேய் என்கிறார்கள், செய்வினை என்கிறார்கள். இந்து பூசாரியிடம் போனால் வேப்பிலையும் சாட்டையும். முஸ்லிம் தர்காவுக்குப் போனால் தாயத்தும் சங்கிலியும். கிறிஸ்தவர் ஜெபக்கூட்டத்துக்குப் போனால் பிசாசை விரட்டுகிற கூச்சல். மற்ற விஷயங்களில் மண்டையை உடைத்துக்கொள்ளும் மதங்கள், நோயாளியின் மண்டை விஷயத்தில் மாத்திரம் எவ்வளவு ஒற்றுமையாக இருக்கின்றன பாருங்கள்!

இதன் பலன் என்ன? 2001ம் வருஷம் ஆகஸ்டு 6ந் தேதி, ராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில், தர்காவை நம்பி அழைத்து வரப்பட்ட நோயாளிகளைச் சங்கிலியில் கட்டி வைத்திருந்த கொட்டகை தீப்பிடித்தது. 28 பேர் மாண்டார்கள். ஓட முடியவில்லை, காலில் சங்கிலி. பேய் எரியவில்லை, தோழர்களே; பெற்றவர்கள் கொண்டுவந்து விட்ட பிள்ளைகள்தான் எரிந்தார்கள்.

நிற்க, பேய் இல்லையென்றால் பின் என்னதான் இருக்கிறது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி.

மூளையில் கோடிக்கணக்கான நரம்பணுக்கள் இருக்கின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செய்தி கொண்டுபோகும் பொருள்களில் ஒன்றுக்கு டோபமைன் என்று பெயர். ஓர் அணு அதை வெளியே விடுகிறது; அடுத்த அணுவின் மேலுள்ள ஏற்பிகள் அதை ஏற்றுக்கொள்ளுகின்றன. நாடகக் கொட்டகையை நினைத்துக்கொள்ளுங்கள். ஏற்பிகள் நாற்காலிகள், டோபமைன் வந்து உட்காரும் ஜனங்கள். இந்த டோபமைன் குறைந்துபோனால் கை நடுங்கி, நடை தள்ளாடும் நடுக்குவாதம் வருகிறது. மனச்சிதைவில் நடப்பது வேறு.

இது எப்படித் தெரிந்தது? முதலில் மருந்துதான் வந்தது. காரணம் பின்னால் தெரிந்தது. 1931லேயே கல்கத்தாவில் கணநாத சென், கார்த்திக் சந்திர போஸ் என்னும் இருவர், சர்ப்பகந்தி வேர் சித்தப்பிரமையைத் தணிக்கிறது என்று எழுதினார்கள். 1952ல் பாரிஸில் தெலே, தெனிக்கே என்ற டாக்டர்கள் குளோர்புரோமசின் என்னும் மருந்தைக் கொடுத்து, கட்டுக்கடங்காத நோயாளிகள் அமைதியடைவதைக் கண்டார்கள். அது ஏன் வேலை செய்கிறதென்று அவர்களுக்கே தெரியாது. 1963ல் சுவீடன் தேசத்து கார்ல்சன், இம்மருந்துகள் ஏற்பிகளை அடைத்துக்கொள்ளுகின்றன என்று ஊகித்தார். 1970களின் மத்தியில் டொராண்டோவில் சீமனும் பால்டிமோரில் ஸ்நைடரும் அதை மிருக மூளைத் திசுவில் சோதித்தார்கள். டோபமைன் ஏற்பியை எந்த மருந்து அதிகம் பற்றிக்கொள்ளுகிறதோ, அந்த மருந்து நோயாளிக்குக் குறைந்த அளவே போதும் என்று கண்டார்கள்.

ஆனால் உயிரோடு இருக்கும் மனிதனின் மண்டையைத் திறக்காமல் உள்ளே பார்ப்பது எப்படி? அதற்கு வந்ததுதான் 'பெட்' என்னும் படக்கருவி. ஏற்பியில் போய் ஒட்டக்கூடிய ஒரு பொருளில், கதிர்வீசும் கார்பன் அணுவைச் சேர்த்து, மிக மிகச் சிறிய அளவு ஊசி போடுகிறார்கள். அந்தக் கார்பனின் கதிர்வீச்சு 20 நிமிஷத்துக்கொரு தரம் பாதியாகக் குறையும். ஆகையால் அதைத் தயாரிக்கும் இயந்திரம் பக்கத்திலேயே இருக்கவேண்டும். மூளைக்குப் போய் ஏற்பியில் ஒட்டிய அது, எதிரெதிர்த் திசையில் ஜோடி ஜோடியாகக் கதிர்களை விடுகிறது. தலையைச் சுற்றி வளையம் போலுள்ள கருவி அவற்றைப் பிடித்து, எந்த இடத்திலிருந்து எவ்வளவு வந்ததென்று கணக்கிட்டுப் படமாக்குகிறது. காலி நாற்காலிகளில் விளக்கேந்திய ஆட்களை உட்காரவைத்து, வெளியிலிருந்து விளக்கை எண்ணுவது போல.

1983 மே மாதம் அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஸ்தாபனத்து டாக்டர் ஹென்றி வாக்னர், டோபமைன் ஏற்பிகளை இப்படிப் படமெடுத்தபோது, யாருடைய தலையை வைத்து எடுத்தார் தெரியுமா? தம் சொந்தத் தலையை! பேயோட்டுகிற எந்தப் பூசாரியாவது, நோயாளிக்குக் கொடுக்கும் அடியை முதலில் தன் முதுகில் வாங்கிப் பார்த்ததுண்டா?

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். 1986ல் அதே ஜான்ஸ் ஹாப்கின்ஸ் கூட்டத்தார், மருந்தே சாப்பிடாத நோயாளிகளுக்கு இந்த ஏற்பிகள் மிகவும் அதிகம் என்று வெளியிட்டார்கள். அடுத்த வருஷமே சுவீடனில் கரோலின்ஸ்கா ஸ்தாபனத்து லார்ஸ் பார்டேயின் கூட்டத்தார், வேறொரு பொருளை ஊசி போட்டுப் பார்த்து, அதிகம் இல்லையே என்றார்கள். சாஸ்திரத்தில் இப்படி ஒரு முரண் வந்தால் என்ன நடக்கும்? மறுத்தவனை நாஸ்திகன் என்பார்கள். இங்கே நடந்தது வேறு. மறுபடியும் அளந்தார்கள், வேறு வழியில் அளந்தார்கள்.

2000ல் நியூயார்க்கில் அபி-தர்காம் என்ற டாக்டர் அம்மையாரும் அவர் கூட்டத்தாரும் ஒரு சோதனை செய்தார்கள். டோபமைனைத் தற்காலிகமாகக் குறைக்கும் மருந்தைக் கொடுத்து, அதற்கு முன்னும் பின்னும் படமெடுத்தார்கள். கொட்டகையிலிருந்து ஜனங்களை வெளியேற்றிவிட்டு, எத்தனை நாற்காலி புதிதாகக் காலியானது என்று பார்ப்பது போல. நோயில்லாதவர்களுக்கு 100க்கு 9 அதிகமாயிற்று. நோயாளிகளுக்கு 100க்கு 19. அப்படியானால் என்ன அர்த்தம்? முன்பு நோயாளியின் கொட்டகையில் அதிகக் கூட்டம் உட்கார்ந்திருந்தது என்று அர்த்தம். பிறகு 2009ல் லண்டனில் ஹவ்ஸ் என்பவரின் கூட்டத்தார், நோய் முற்றுவதற்கு முன், அதன் அறிகுறி தெரியும் காலத்திலேயே, டோபமைன் உற்பத்தி அதிகரித்திருப்பதைக் கண்டார்கள். 2012ல் பல ஆராய்ச்சிகளையும் ஒன்றுசேர்த்துப் பார்த்ததில், ஏற்பிகளின் எண்ணிக்கையில் வித்தியாசம் இருந்தாலும் அது சொற்பமே. பெரிய வித்தியாசம் டோபமைனை உண்டாக்கி வெளியிடும் பக்கத்தில்தான் என்று தெளிவாயிற்று. அதாவது நாற்காலியில் அவ்வளவு கோளாறில்லை. வாசலில் விடுகிற கூட்டத்தில்தான் கோளாறு.

இதனால் நமக்கென்ன லாபம் என்று கேட்கலாம். சொல்லுகிறேன். மாத்திரை, நாற்காலியில் தான் உட்கார்ந்துகொண்டு டோபமைனை உட்காரவிடாமல் தடுக்கிறது. சாதாரணமாக 100 நாற்காலியில் 65ஐப் பிடித்தால் குணம் தெரிகிறது. 80க்கு நெருங்கினால் கை நடுக்கமும் உடல் விறைப்பும் வருகின்றன. இதைப் படத்தில் கண்டுதான், அளவை ஏற்றிக்கொண்டே போவதில் பயனில்லை என்று டாக்டர்கள் தெரிந்துகொண்டார்கள். "மருந்து கொடுத்தால் பிள்ளை மரக்கட்டையாகிவிடுகிறான், பேய் கோபிக்கிறது" என்று சொல்லி மருந்தை நிறுத்திவிடுகிற தாய்மார்களே! அது பேயின் கோபமல்ல, மருந்தின் அளவு. டாக்டரிடம் சொன்னால் குறைப்பார், அல்லது மாற்றுவார். நீங்களாக நிறுத்தினால் நோய் திரும்பும்.

இன்னொன்று. பேய்ச்சாமியை இறக்கிவிட்டு அந்தப் பீடத்தில் 'பெட்' சாமியை உட்கார வைத்துவிடாதீர்கள். இந்த வித்தியாசங்கள் பல பேரைச் சேர்த்துச் சராசரி பார்த்தால் தெரிபவை. ஒருவன் தலையைப் படமெடுத்து, இவனுக்கு இந்நோய் உண்டு, இல்லை என்று முடிவு சொல்ல முடியாது. அப்படிச் சொல்லி யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அன்றியும் சில நோயாளிகளுக்கு டோபமைன் உற்பத்தி அதிகமாகவே இல்லை; அவர்களில் பலருக்குச் சாதாரண மாத்திரை பயன்படுவதுமில்லை. குளோசபின் என்ற மருந்து குறைந்த நாற்காலிகளையே பிடித்தும், மற்றவை கைவிட்ட பலருக்குக் குணமளிக்கிறது. 2024ல் அமெரிக்காவில், டோபமைன் நாற்காலியில் உட்காராமலே வேலை செய்யும் ஒரு புது மருந்துக்கு அனுமதி கொடுத்திருக்கிறார்கள். ஆகவே டோபமைன் கதையில் ஒரு பாகமே தவிர முழுக் கதையல்ல.

"மூளையில் அப்படி மாறுவதற்கும் பூர்வஜென்ம கர்மம்தானே காரணம்?" என்று ஒரு பண்டிதர் கேட்பார். நல்லது. மாத்திரை 65 நாற்காலியைப் பிடித்தவுடன் கர்மம் தணிகிறதென்றால், மாத்திரைக்குப் பயப்படுகிற கர்மத்துக்கு நாம் ஏன் பயப்படவேண்டும்?

இந்நோய் ஓரளவு வம்சத்தில் வரலாம். கஞ்சாப் பழக்கமும், சிறு வயதில் பட்ட கொடுமைகளும் அதற்கு வழி திறந்துவிடலாம். ஆனால் தாயின் பாவமோ, மருமகள் வந்த ராசியோ காரணமல்ல. "கல்யாணம் செய்துவைத்தால் சரியாகிவிடும்" என்று மறைத்து ஒரு பெண்ணின் கழுத்தில் கட்டுகிறார்களே, அது வைத்தியமா? நோயாளிக்கும் குணமில்லை, ஒன்றுமறியாத பெண்ணின் வாழ்வும் பாழ். பெண்ணைப் பெற்றவர்களே, இதை நன்றாக யோசித்துப் பாருங்கள்.

கடைசியாக, உங்கள் தெருவில் இப்படி ஒருவர் இருந்தால் பைத்தியம் என்று கேலி செய்யாதீர்கள். ஜில்லா அரசாங்க ஆஸ்பத்திரியில் மனநோய்ப் பிரிவு எங்கே என்று கேட்டு, கூடப் போய்க் காட்டுங்கள். எவ்வளவு சீக்கிரம் போகிறோமோ அவ்வளவு நல்லது; கோயில் கோயிலாகச் சுற்றும் மாதங்கள் அவர் வாழ்க்கையிலிருந்து கழிகிற மாதங்கள். நோயாளியைச் சங்கிலியில் கட்டுவதை 2017ம் வருஷத்து மனநலச் சட்டம் தடுத்திருக்கிறது. எங்காவது கட்டியிருப்பதைக் கண்டால், வேடிக்கை பார்த்துவிட்டு வராமல், அதிகாரிகளுக்குத் தெரிவியுங்கள்.

தோழர்களே! மண்டைக்குள்ளே படமெடுத்துப் பார்த்தவர்கள் டோபமைனைக் கண்டார்கள், ஏற்பிகளைக் கண்டார்கள். பேயை மாத்திரம் ஒருவரும் காணவில்லை. அது பார்க்கிறவனுடைய அச்சத்திலும், பேயோட்டிப் பிழைக்கிறவனுடைய வரும்படியிலும்தான் இருக்கிறது. அதை அங்கிருந்து ஓட்டுவது நம் வேலை.