ஆளில்லாக் கரையா?



நண்பர்களுடன் சொந்தப் படகில் அலாஸ்காவின் கிளேசியர் விரிகுடாவில் உலவ விழைவோர் பலர். கோடைத் திங்கள்களில் நாளொன்றுக்கு 25 தனியார் படகுகளுக்கே இசைவு உண்டு. ஆளரவமற்ற கரையென்று நாம் அதனைப் போற்றுகிறோம். ஆனால், அது ஹூனா திலிங்கித் மக்களின் தாயகம்.

18ஆம் நூற்றாண்டில் பெருகிவந்த பனியாறு அவர்தம் குடியிருப்புகளை விழுங்கிற்று; தோணியேறி வெளியேறினர். 1794இல் வான்கூவர் குழுவினர் கண்டது பனிச்சுவரே. 1879இல் ஜான் மியூர் சென்றபோது பனி 30 மைலுக்கு மேல் பின்வாங்கியிருந்தது. நிலம் மீண்டது, ஆயினும் 1925இல் அரசு அதனைக் காப்பிடமாக்கியபின் அவர்தம் வேட்டைக்குத் தடைகள் வந்தன. 2016இல்தான் அங்கே அவர்களுக்குக் குலமனை எழுந்தது. அன்று தோணிகளிலேயே வந்து கரையிறங்கினர்.

பிறந்த மண்ணை நெஞ்சில் சுமக்கும் நமக்கு இது விளங்காததன்று. அங்கே படகு செலுத்தினால், விருந்தினராய்ச் செலுத்துவோம்.