வாசி தீர்ந்த காசு



நம் பழனிப் பக்கத்துச் சண்முகநதி அமராவதியிற் சென்று கலக்கின்றது. அந்த அமராவதியின் மணலில், கருவூரில், சேரர் காசுகள் கிடைத்துள்ளன. வெள்ளிக் காசொன்றில் அரசன் முகமும் ‘மாக்கோதை’ என்னும் பெயரும் பொறிக்கப்பெற்றுள்ளன. உரோமர் காசு மிகுதியாகப் புழங்கிய ஊர் அது. அதனைக் கண்டே சேரனும் தன் முகத்தைப் பொறித்தான் என்பர் அறிஞர். அரசனை நேரிற் காணாத வணிகனும் அவனைத் தன் உள்ளங்கையிற் கண்டான்.

சோழர் காசிலோ புலியின் அருகே பாண்டியர் கயலும் சேரர் வில்லும் இருக்கும். வென்றவன் யார், அடங்கியவர் யார் என்பதைக் கடைத்தெருவே படித்துக்கொள்ளலாம். முதலாம் இராசராசன் (985–1014) காசில் நிற்கும் உருவம் ஒருபுறம், நாகரி எழுத்தில் அவன் பெயர் மறுபுறம். சோழராட்சி நீங்கிய பின்னரும் இலங்கை மன்னன் பராக்கிரமபாகு அவ்வுருவத்தையே வைத்துத் தன் பெயரை மாற்றிக்கொண்டான். ஆட்சியை விலக்கியவரும் காசின் அச்சை விலக்கினாரல்லர்! அவ்விராசராசன் எடுத்த தஞ்சைப் பெருங்கோயிலில், காசுகளை ஊர்ச்சபைகளிடம் கொடுத்து, ஆண்டுக்குக் காசொன்றுக்கு அரைக்கால் காசு வட்டி பெற்று, திருமஞ்சன நீருக்கு ஏலமும் சண்பக மொட்டும் இட்டதைக் கல்வெட்டுகள் கூறுகின்றன.

ஆயினும் முத்திரை ஒன்றே காசைச் செல்லச் செய்யுமோ? திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது, அடியார்க்கு அமுதளிக்க அப்பருக்கும் சம்பந்தருக்கும் இறைவன் நாடோறும் படிக்காசு வைத்தருளினான். அப்பர் மடத்தில் உரிய பொழுதில் அமுது. சம்பந்தர் மடத்தில் தாமதம். காரணம், சம்பந்தர் காசில் வாசி இருந்தது. மாற்றுக் குறைந்த காசுக்கு வணிகர் கழித்துக்கொள்ளும் வட்டமே வாசி. மகனாக ஏற்ற பிள்ளைக்கா குறைந்த காசு என நாமும் முன்னர்த் திகைத்ததுண்டு. அப்பர் உழவாரம் ஏந்திக் கைத்தொண்டு செய்தவர். அவர் பெற்றது கூலி என்பது பெரியோர் கொள்கை.

நம் நெஞ்சில் நிற்பது வேறொன்று. இறைவனே வைத்த காசாயினும் வணிகன் உரைத்துப் பார்த்தே வாங்கினான். இறைவன் அவனைச் சினந்திலன். பிள்ளையார் பதிகம் பாடி வேண்டக் காசையே மாற்றினான். பசித்து வந்த அடியார்க்குச் சம்பந்தர் மடத்திலும் மறுநாள் முதல் உரிய பொழுதில் இலை விழுந்தது.