நீறு பூத்த பிறகே கோழி ஏற வேண்டும்



ஜொகூரில் 2025 ஜனவரி 1ஆம் தேதி முதல் வார ஓய்வு மீண்டும் சனி, ஞாயிறு என்று ஆகிவிட்டது. அதற்கு முன் 2014இலிருந்து பதினோர் ஆண்டுகள் வெள்ளியும் சனியும்தான் ஓய்வு. வீட்டில் ஒருவர் சிங்கப்பூரில் வேலை செய்தால் அவருக்கு ஞாயிறு விடுமுறை. பிள்ளைகளுக்கோ அன்று பள்ளிக்கூடம். குடும்பம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடச் சனிக்கிழமை ஒன்றுதான் மிஞ்சியது. இப்போது அந்தத் தொல்லை இல்லை. ஸ்கூடாய், மாசாய், உலு திராம் பக்கத்து வீடமைப்புப் பகுதிகளில் மாலை ஐந்து மணிக்கு மேல் நடந்து பார்த்தால், காரை வெளியே தள்ளி நிறுத்திவிட்டு, அந்த இடத்தில் கரி அடுப்பு மூட்டியிருக்கும் வீடுகளைக் காணலாம்.

அந்த அடுப்பில் என்ன நடக்கிறது என்பதுதான் இன்றைய பேச்சு.

காலையிலேயே கோழிக்கு மசாலா தடவி வைத்தாயிற்று. மாலையில் கரியைக் கொட்டி, மண்ணெண்ணெய் ஊற்றி, தீ கொழுந்துவிட்டதும் அவசர அவசரமாகக் கம்பி வலையை வைத்துக் கோழிக்கால்களை அடுக்கிவிடுகிறார்கள். கொழுப்பு சொட்டுகிறது, தீ மேலே பாய்கிறது, யாரோ தண்ணீர் தெளிக்கிறார், சாம்பல் பறந்து கறியில் ஒட்டுகிறது. பத்தே நிமிடத்தில் கோழி கறுத்துவிடும். வெந்துவிட்டது என்று எடுத்துக் கடித்தால் எலும்போரம் பச்சை. பிள்ளைகள் தட்டை வைத்துவிட்டு மெல்ல நழுவிவிடுவார்கள். பாட்டி மட்டும், உணவை வீணாக்கக் கூடாதே என்று தின்று முடிப்பார். மறுநாள் வயிற்றுப்போக்கும் அவருக்குத்தான்.

குற்றம் மசாலாவில் இல்லை, கோழியிலும் இல்லை. பொறுக்காத கையில் இருக்கிறது. நீறு பூத்த நெருப்பு என்று தமிழில் ஒரு சொல் உண்டு. மேடைப் பேச்சாளர்கள் கோபத்துக்கும் பகைக்கும் அதை உவமையாக்கிப் பழக்கிவிட்டார்கள். உண்மையில் அது அடுப்படியிலிருந்து வந்த சொல். கரி பற்றியவுடன் எழும் தீயில் புகையும் மண்ணெண்ணெய் வாடையும் இருக்கும். சூடும் ஓரிடத்தில் கூடும், ஓரிடத்தில் குறையும். இருபது முப்பது நிமிடம் விட்டால் தீ அடங்கி, கரியின் மேல் வெள்ளைச் சாம்பல் படியும். உள்ளே சிவப்பாகக் கனன்றுகொண்டிருக்கும். அதுதான் சுடுவதற்குரிய வேளை. இந்த அரை மணி நேரம் காத்திருக்க முடியாமல்தான் பாதிக் கோழிகள் பாழாகின்றன.

கரியைப் பற்றியும் ஒரு சொல். பேராக் மாநிலத்துக் கோலா செப்பெத்தாங்கில், சதுப்புநிலக் காட்டு மரங்களை இக்லூ வடிவச் செங்கல் சூளைகளில் அடுக்கி, ஏறக்குறைய ஒரு மாதம் வாட்டிக் கரியாக்குகிறார்கள். அடர்த்தியான கரி, பற்ற நேரமாகும், பற்றினால் நெடுநேரம் நிற்கும். சிரட்டைக் கரியும் நல்லதே. பழைய பலகை, சாயம் பூசிய மரம், பெட்டிக் கட்டைகள் ஆகியவற்றை உணவு சுடும் அடுப்பில் போடக் கூடாது. பெட்ரோலையும் தின்னரையும் கிட்டவே கொண்டுவரக் கூடாது. ஒரு பழைய பால்மாவு டின்னின் அடியையும் மேலையும் வெட்டி, பக்கவாட்டில் கீழே சில துளை போட்டு, அடியில் காகிதம், மேலே கரி என்று நிரப்பிக் கொளுத்தினால் மண்ணெண்ணெயே வேண்டாம். காற்று அடியிலிருந்து இழுத்துக்கொண்டு போய்த் தானே பற்றவைத்துவிடும்.

கங்கு தயாரானதும் அதை அடுப்பு முழுவதும் பரப்புவது அடுத்த தவறு. எல்லாவற்றையும் ஒரு பக்கம் குவித்து, மறுபக்கத்தை வெறுமையாக விட வேண்டும். எரியும் பக்கத்துக்கு மேலே உள்ளங்கையை ஒரு சாண் உயரத்தில் பிடித்தால் இரண்டு மூன்று விநாடிக்கு மேல் பொறுக்காது. அது கடும் சூடு. வெறும் பக்கத்தில் தாராளமாகப் பிடிக்கலாம், அது இளஞ்சூடு. எந்த உணவுக்கு எந்தப் பக்கம் என்று தெரிந்துகொண்டால் போதும்.

ஜொகூர்க்காரர்களுக்கு இதைக் கற்றுக்கொள்ள வெளிநாட்டுத் தொலைக்காட்சி வேண்டாம். மூவாருக்குப் போனால் போதும். காலைச் சிற்றுண்டிக்கே சாத்தே சாப்பிடும் ஊர் அது. கடைக்காரர் பயன்படுத்தும் அடுப்பைக் கவனித்துப் பாருங்கள். நீளமான, ஒடுக்கமான தொட்டி. வலை கிடையாது. குச்சியின் இரு முனையும் விளிம்பில் தங்க, கறி கங்குக்கு வெகு அருகில் இருக்கும். கறித்துண்டு சுண்டுவிரல் நுனியளவு. ஆகவே கடும் சூட்டில் சில நிமிடங்களில் வெந்துவிடுகிறது. ஒரு கையில் விசிறி, மறு கையில் நசுக்கிய செராய்த் தண்டு. அதை எண்ணெயில் தோய்த்துத் தடவிக்கொண்டே இருப்பார். குச்சிகள் ஒரு நொடி சும்மா கிடப்பதில்லை. பெரிய துண்டாக வெட்டியிருந்தால் இந்த வித்தை பலிக்காது என்பது அவருக்குத் தெரியும். வீட்டில்தான், கொஞ்சம் பெரிதாக இருக்கட்டுமே என்று வெட்டிவிட்டு, அதே வேகத்தில் சுடப் பார்க்கிறார்கள்.

அதே மூவாரின் ஒத்தாக்-ஒத்தாக் வேறொரு பாடம் சொல்லும். அரைத்த மீனையும் மசாலாவையும் நீப்பா ஓலைக்குள் வைத்துச் சுடுகிறார்கள். ஓலை கருகும், மீன் கருகாது. கருகவேண்டியதை ஓலையிடம் ஒப்படைத்துவிடுகிறார்கள். வாழையிலையில் பொதிந்து சுடும் இக்கான் பாக்காரும் அப்படித்தான். திருக்கை, கொடுவா, கெம்போங் எதுவானாலும் சம்பாலில் சீனி இருக்கிறது. சீனி நேராகத் தீயைப் பார்த்தால் உடனே கறுத்துக் கசக்கும். இலைக்குள் இருந்தால் அந்தப் பயம் இல்லை. இலையில்லாமல் வலையில் சுடுபவர்கள் மஞ்சளும் உப்பும் மட்டும் தடவிச் சுட்டு, கடைசி ஐந்து நிமிடத்தில் சம்பாலைப் பூசலாம். தேன், கிச்சாப் மானிஸ் பூசுவதற்கும் இதே விதிதான்.

சோத்தோங்கும் இறாலும் கடும் சூட்டில் பக்கத்துக்கு இரண்டு மூன்று நிமிடம். அதற்கு மேல் விட்டால் ரப்பர். முற்றிய ஆட்டுக்கறியைக் கங்கில் சுட நினைப்பவர்கள் பல் மருத்துவரையும் சேர்த்து நினைத்துக்கொள்ளட்டும், அது குழம்புக்குரியது.

எலும்போடு கூடிய கோழிக்கு நேரம் வேண்டும். முதலில் கங்குப் பக்கத்தில் இரு புறமும் நிறம் பிடிக்க வைத்து, பிறகு வெறும் பக்கத்துக்கு மாற்றி மூடிவிட வேண்டும். மூடி இல்லாத அடுப்பானால் ஒரு பழைய சட்டியைக் கவிழ்க்கலாம். முக்கால் மணி நேரம் வரை பிடிக்கும். எலும்பை ஒட்டிய சதையில் வெப்பம் 74 பாகை செல்சியசை எட்டினால் கோழி பாதுகாப்பானது. கறிக்குள் குத்திப் பார்க்கும் வெப்பமானி ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. அவ்வளவு பொறுமை இல்லாத வீடுகளுக்கு மலாய்க்காரர் வீட்டு வழி ஒன்று உண்டு. கோழியை மசாலாவோடு சட்டியில் வேகவைத்து, உடனே அடுப்பிலேற்றி மணமும் நிறமும் மட்டும் ஏற்றுவது. சட்டியில் மிஞ்சிய கெட்டிச் சாறு பூசுவதற்கு ஆகும். அரைவேக்காட்டில் எடுத்து மணிக்கணக்காக வெளியே வைத்திருந்து பிறகு சுடுவது மட்டும் ஆபத்து. பச்சைக் கோழி ஊறிய மசாலாத் தண்ணீரை வெந்த கறிமேல் ஊற்றுவதும், பச்சைக் கறியைத் தொட்ட இடுக்கியாலேயே வெந்ததை எடுப்பதும் அதே வகை.

சுட்ட உணவு என்றால் வெள்ளைக்காரன் பழக்கம் என்று முகம் சுளிக்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள். கரிகால் சோழனைப் பாடிய பொருநராற்றுப்படையில், கம்பியில் கோத்துச் சுட்ட இறைச்சி விருந்தாக வருகிறது. அவ்வளவு தூரம் போவானேன்? தோட்டத்து லயங்களில் விறகடுப்புச் சாம்பலை விலக்கிக் கருவாடு சுட்டவர்கள் யார்? கத்தரிக்காயைத் தணலில் வாட்டித் தோலுரித்துத் துவையல் அரைத்தவர்கள் யார்? ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில், அரிசி கிடைக்காத அந்த மூன்றரை ஆண்டுகளில், மரவள்ளிக்கிழங்குதான் பல குடும்பங்களின் உயிரைப் பிடித்து வைத்தது. அந்தத் தலைமுறையில் சிலர் கடைசிவரை மரவள்ளியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பேரப்பிள்ளைகளோ இன்று அதைக் காசு கொடுத்து வாங்கிச் சுடுகிறார்கள். சுடுங்கள், ஆனால் மரவள்ளியின் தோலில் நச்சுத்தன்மை கூடுதல், சில வகைகளில் கிழங்கிலும் உண்டு. உரித்து, வெட்டி, நன்றாக அவித்து, அந்த நீரைக் கொட்டிவிட்டுப் பிறகு கங்கில் காட்டுவதே சரி.

இந்த நாட்டு விருந்தில் எல்லாரும் எல்லாம் சாப்பிடுவதில்லை. பாட்டிக்குப் புரட்டாசிச் சனி. பக்கத்து வீட்டு மலாய்க் குடும்பத்துக்கு ஹலால் கறி வேண்டும். மாட்டிறைச்சி தொடாத சீனக் குடும்பங்களும் உண்டு. ஒரே வலையில் எல்லாவற்றையும் புரட்டிவிட்டு, "உங்களுக்குக் காய்கறி இருக்கிறதே" என்று சொல்வது உபசரிப்பு ஆகாது. கோழிக் கொழுப்பு சொட்டிய வலையில் சுட்ட சோளத்தைச் சைவம் என்று பாட்டி தட்டில் வைப்பது, அவருக்குத் தெரியாவிட்டாலும், ஏமாற்றுதான். சைவத்துக்குத் தனி வலை, தனி இடுக்கி. செலவு மிகக் குறைவு. ஒரே அடுப்புதான் என்றால், கங்கு புதிதாக இருக்கும்போது முதலில் ஏறவேண்டியது காய்கறி. சோளம், கத்தரி, வெண்டை, காளான், தெம்பே, பனீர். பொந்தியான் பக்கத்துப் பெக்கான் நானாஸ் அன்னாசிக்கே பெயர் பெற்ற ஊர். அந்த அன்னாசியை விரற்கடைக் கனத்தில் அரிந்து, உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுச் சுட்டால், கறி சாப்பிடுபவர்களும் பாட்டி தட்டுக்குக் கை நீட்டுவார்கள். மலாய் அண்டை வீட்டாரை அழைத்தால் கறி ஹலால் கடையில் வாங்கியதாகவும், வலை புதிதாகவும் இருப்பது மரியாதை. அதை அழைக்கும்போதே சொல்லிவிடுவது அதைவிடப் பெரிய மரியாதை. விருந்தாளி கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு வெறும் தண்ணீர் குடித்துவிட்டுப் போகவேண்டியதில்லை.

உடல்நலம் பற்றியும் சொல்லியாக வேண்டும். இறைச்சி கருகும்போதும், கொழுப்பு கங்கில் சொட்டிப் புகை எழும்போதும் புற்றுநோயோடு தொடர்புள்ள பொருள்கள் உண்டாகின்றன. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015இல் சாசேஜ் போன்ற பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் பிரிவிலேயே சேர்த்தது. பிள்ளைகளுக்கென்று முதலில் அடுப்பிலேறுவது அந்தச் சாசேஜ்தான் என்பது வேதனை. மாதம் ஒருமுறை சுட்ட கோழி சாப்பிடுபவர் நடுங்க வேண்டியதில்லை. கருகிய இடத்தைச் சுரண்டி எறிய வேண்டும். கொழுப்பையும் தோலையும் முன்பே குறைக்க வேண்டும். எலுமிச்சை, பூண்டு, மஞ்சள் கலந்து ஊறவைத்தால் அந்தப் பொருள்கள் உண்டாவது குறைகிறது என்றும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அம்மி மசாலா ருசிக்கு மட்டும் அல்ல.

இவை எல்லாவற்றையும்விட உடனடியான ஆபத்து ஒன்று உண்டு. ஜொகூரில் மாலை மழை சொல்லிக்கொண்டு வருவதில்லை. தூறல் விழுந்ததும் கங்கோடு அடுப்பைத் தூக்கி வீட்டுக்குள் வைப்பவர்கள் இருக்கிறார்கள். கனலும் கரி கார்பன் மோனாக்சைடு வாயுவை வெளியிடும். அதற்கு மணமில்லை, நிறமில்லை. புகை இல்லையே என்று நம்பிக் கதவைச் சாத்தினால் தலைவலி, மயக்கம், பிறகு உயிரே போகலாம். மழை வந்தால் நனையட்டும், அடுப்பு வெளியேதான். மாடி வீடுகளில் குடியிருப்போர் கரியை மறந்துவிட்டு, எரிவாயு அடுப்பில் கனத்த இரும்புத் தோசைக்கல்லைக் காயவைத்துச் சுடலாம். மணம் பாதிதான் வரும்; பரவாயில்லை. புகைமூட்ட நாள்களிலும் அதுவே சரி. 2013 ஜூன் மாதம் மூவாரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 700ஐத் தாண்டி அவசர நிலை அறிவிக்கப்பட்டதை அந்த ஊர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மூச்சிரைப்பு உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் அத்தகைய நாளில் அடுப்பை மூட்டவே கூடாது.

சாப்பிட்டு முடித்ததும் எல்லாரும் உள்ளே போய்விடுவார்கள். அடங்கும் கங்குக்குள் இரண்டு சக்கரவள்ளிக்கிழங்கைப் புதைத்துவிட்டால், பாத்திரம் கழுவி முடிப்பதற்குள் வெந்திருக்கும். அதை எடுத்த பிறகு தண்ணீர் ஊற்றிக் கிளறி, மறுபடியும் ஊற்ற வேண்டும். மேலே சாம்பல் ஆறியிருந்தாலும் உள்ளே விடிய விடியக் கனன்றுகொண்டிருக்கும். அப்படியே பிளாஸ்டிக் குப்பைத் தொட்டியில் கொட்டினால் தொட்டியும் எரியும், பக்கத்தில் நிற்கும் காரும் எரியும். மறுநாள் காலையில் கையால் தொட்டுப் பார்த்த பிறகே கொட்டுங்கள்.