படகின் போர்வையும் வர்ணத்தின் ஆயுளும்

(புனே அருகே போசரித் தொழிற்பேட்டையில் பணிபுரியும் தமிழ் அன்பர்களிடையே நிகழ்த்திய உரை)



கடலிலிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தள்ளி, தக்காணப் பீடபூமியின் மீதுள்ள போசரியில் படகைப் பற்றிப் பேசுவானேன் என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். ஆனால், இங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் தாப்போடியில் இராணுவப் பொறியியல் கல்லூரி இருக்கிறது. 2016-ஆம் ஆண்டு ரியோ ஒலிம்பிக் போட்டியில் தனிநபர் துடுப்புப் படகுப் பந்தயத்தில் கலந்துகொண்ட தத்து போகனள், அங்குள்ள இராணுவப் பயிற்சி மையத்தில் உருவானவர். அவர் செலுத்திய வகைப் படகு ஏறத்தாழ எட்டு மீட்டர் நீளமுள்ளது. பந்தய விதிப்படி அதன் குறைந்தபட்ச எடை 14 கிலோகிராம்தான். அத்தகைய கலத்தின் மேற்பூச்சு கொப்புளித்தால் அழகு மட்டுமா கெடும்? நீரைக் கிழித்துச் செல்லும் வழவழப்பும் கெடும்.

கொங்கணக் கரையின் மீனவரையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மேற்குக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாட்கள் இயந்திரப் படகுகள் மீன் பிடிக்கத் தடை உண்டு. கிழக்குக் கரையில் இத்தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நீடிக்கிறது. ஒரு கரையில் கலங்கள் கொட்டும் மழையிலும், மறு கரையில் கொளுத்தும் வெயிலிலும் ஓய்வு கொள்கின்றன. இவ்விரண்டுக்கும் ஒரே போர்வை பொருந்தாது என்பதை நம் வியாபாரிகள் பலர் சொல்வதில்லை.

போர்வை வர்ணத்தைக் காப்பதற்கே போடப்படுகிறது. அதுவே வர்ணத்தைக் கெடுப்பது எவ்வாறு? முதற் காரணம் ஈரம். காற்றுப் புகாத பிளாஸ்டிக் விரிப்பை இறுக்கி மூடினால், பகல் வெப்பத்தில் படகினுள் தங்கிய நீர் ஆவியாகி, இரவுக் குளிரில் விரிப்பின் உட்புறம் துளிகளாகப் படிந்து, மீண்டும் பூச்சின் மீதே சொட்டுகிறது. நாள்தோறும் இது நிகழ்ந்தால் பூச்சு வெளுக்கும், கொப்புளம் எழும். மரப் படகாயின் கேடு இன்னும் ஆழமானது. உப்பு நீரைக் காட்டிலும் தேங்கிய மழைநீரே மரத்தை விரைவில் உளுக்கச் செய்யும். ஆகவே மூடாமல் விடுவதும் தவறு. மூச்சு முட்ட மூடுவதும் தவறு.

அடுத்தது உராய்வு. தளர்வாகக் கட்டிய விரிப்பு காற்றில் படபடக்கும்போது, அதனடியில் சிக்கிய மணல் உப்புத்தாளைப் போல் வர்ணத்தைத் தேய்த்துவிடும். எனவே மூடுமுன் படகை நன்னீரால் கழுவி உலர்த்துதல் வேண்டும். விளிம்பும் முனையும் உள்ள இடங்களில் மெத்தைத் துணி வைத்துக் கட்டுதல் நலம்.

மூன்றாவது, கண்ணுக்குத் தெரியாத கேடு. பி.வி.சி. பூசிய விரிப்புகள் வளைந்து கொடுப்பதற்காக அவற்றில் ஒருவகை எண்ணெய் போன்ற இளக்கிப் பொருள் கலக்கப்படுகிறது. வெயிலில் அது மெல்லக் கசிந்து, சாதாரண எனாமல் வர்ணத்தை மென்மையாக்கி, விரிப்பையும் வர்ணத்தையும் ஒட்டவைத்துவிடும். தமிழ்நாட்டில் தடைக்காலத்தையே பழுது பார்க்கவும் வர்ணம் பூசவும் பயன்படுத்துகிறார்கள். பூசிய கையோடு மூடும் வழக்கம் இக்கேட்டை இரட்டிப்பாக்குகிறது. புதுப் பூச்சு முழுமையாக இறுகும்வரை பொறுத்திருக்கத்தான் வேண்டும்.

இக்குறை படகுக்கு மட்டும் உரியதன்று. இதே வட்டாரத்தில் ஒரு சிறு பட்டறையில், வர்ணம் பூசிய இயந்திர உறுப்புகளைத் தடித்த பிளாஸ்டிக்கில் சுற்றி முற்றத்தில் வைத்திருந்தார்கள். மழைக்காலம் முடிந்து பிரித்தபோது, தாளோடு வர்ணமும் உரிந்து வந்ததை நானே கண்டேன். பெயர் வேண்டாம். அந்த உரிமையாளர் சரக்கைத் திருப்பி வாங்க நேரிட்டது.

எனில், எதைத் தேர்வது? பருத்திக் கித்தான் பழைய நண்பன்; நனைந்தால் இழைகள் பருத்து நீரைத் தடுக்கும், உலர்ந்தால் மூச்சு விடும். ஆனால் பூஞ்சணம் பிடித்து மக்கும், எடையும் மிகுதி. நூற்பதற்கு முன்பே சாயம் ஏற்றிய அக்ரிலிக் துணி வெயிலைத் தாங்கும், ஆவியை வெளியே விடும், விலைதான் அதிகம். பாலியெஸ்டர் துணி வலுவானது. நம் போசரியிலேயே செஞ்சுரி என்கா ஆலை நைலான் நூல் உற்பத்தி செய்வதால் நைலான் துணியே போதாதா என்று கேட்கலாம். டயருக்கும் வலைக்கும் அது சிறந்தது. வெயிலில் ஆண்டுக்கணக்கில் கிடக்க வேண்டிய போர்வைக்கு, தக்க பாதுகாப்புப் பூச்சு இல்லாவிடில், பாலியெஸ்டருக்கு ஈடாகாது. எத்துணியாயினும் முதலில் விட்டுப்போவது தையல் நூலே என்பதையும் மறவாதீர்கள்.

துணியைப் போலவே சட்டமும் முக்கியம். நடுவே மூங்கில் முகடு வைத்து இருபுறமும் சரிவு தர வேண்டும். இரண்டு சதுர மீட்டர் பரப்பில் பத்து சென்டிமீட்டர் நீர் தேங்கினால் அதன் எடை 200 கிலோகிராம்! எந்தத் தையல் அதைத் தாங்கும்? இரு முனைகளிலும் காற்று புக வழி விடுவது ஆவியை வெளியேற்றும்.

இனி, என் துறைக்கு வருகிறேன். ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு: ஒரு பருவமே தாங்கும் விரிப்பு 2,000 ரூபாய் என்றும், ஐந்து ஆண்டு தாங்கும் போர்வை 9,000 ரூபாய் என்றும் கொள்வோம். ஐந்து ஆண்டில் மலிவானதற்கு 10,000 ரூபாய் செலவாகிறது. வர்ணச் செலவு வேறு. இருந்தும் ஏழை மலிவானதையே வாங்குகிறான். இது அறியாமை அன்று. போர்வை தேவைப்படுவது வருமானம் நின்ற மாதத்தில். தமிழ்நாட்டில் தடைக்கால நிவாரணம் 5,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாக உயர்ந்துள்ளது. அதுவும் அடுப்புக்கே போய்விடும். எனவே கூட்டுறவுச் சங்கங்கள் மீன்பிடி பருவத்திலேயே தவணை பிடித்து, தடைக்காலத் தொடக்கத்தில் போர்வை வழங்குவது அறிவுரை கூறுவதை விடப் பயன் தரும்.

மற்றொரு தடை, தரத்தை வாங்குபவர் அறிய முடியாமை. அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970-இல் பழைய கார்ச் சந்தையை வைத்து விளக்கியது இதுவே: குறையை வாங்குபவர் காண முடியாவிடில், நல்ல சரக்கு உரிய விலை பெறாமல் சந்தையை விட்டு விலகும். எச்.டி.பி.ஈ. தார்ப்பாய்களுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 7903 என்னும் தரம் உண்டு. தார்ப்பாய் கிழியாமல் இருக்கலாம். அடியிலுள்ள வர்ணத்துடன் அது ஒத்துப்போகுமா என்பது வேறு கேள்வி.

அதற்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை. படகுக்குப் பூசிய அதே வர்ணத்தை ஒரு தகட்டில் பூசி இறுகவிட்டு, விரிப்பின் துண்டொன்றை ஈரமாக அதன் மீது வைத்து, செங்கல் பாரமேற்றி, ஒரு வாரம் வெயிலில் விடுங்கள். எடுக்கும்போது ஒட்டினாலோ, வர்ணம் மங்கினாலோ அச்சரக்கு ஆகாது. ஈர வெள்ளைத் துணியால் விரிப்பைத் தேய்த்துச் சாயம் ஏறுகிறதா என்றும் பாருங்கள். இங்கே தையற்கூடம் நடத்தும் அன்பர்கள் அத்தகைய தகடுகளைக் கடை வாசலிலேயே தொங்கவிடலாம். வாங்க வருபவர் தொட்டுப் பார்த்துக்கொள்ளட்டும்.