சேர்ந்து பாட ஒரு குழு வேண்டும்



நான் ஆண்டிபட்டிக்காரன். நம் தமிழ்ச் சங்கத்தின் முன் ஒரு கோரிக்கை வைக்கத்தான் இந்த மேடைக்கு வந்திருக்கிறேன். நமக்கென்று ஒரு சேர்ந்திசைக் குழு வேண்டும். பெரியதாக வேண்டும். எட்டு வயதுப் பிள்ளையும் எண்பது வயதுத் தாத்தாவும் நிற்கிற குழுவாக வேண்டும்.

இந்த எண்ணம் எனக்கு என் மகளால் வந்தது. இந்த அமெரிக்காவில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ‘ஆனர் கொயர்’ என்று ஒன்று நடப்பது உங்களில் பலருக்குத் தெரியும். பல பள்ளிகளிலிருந்து குரல் தேர்வு வைத்துப் பிள்ளைகளை எடுக்கிறார்கள். பாட்டுகளை முன்கூட்டியே கொடுத்துவிடுகிறார்கள். அவரவர் வீட்டில் தனியாக உட்கார்ந்து பாடம் செய்ய வேண்டும். பிறகு எல்லாரும் ஓரிடத்தில் கூடி, வெளியிலிருந்து வரும் ஒரு நடத்துநரிடம் சில நாள் பயிற்சி எடுத்து, ஒரே ஒரு கச்சேரி பாடிவிட்டுக் கலைந்துவிடுவார்கள். போன ஆண்டு என் மகளுக்கு அதில் இடம் கிடைத்தது. பெற்றோரையும் ஒத்திகை பார்க்க விட்டார்கள். முந்நூறுக்குக் குறையாத பிள்ளைகள். நடத்துநராக வந்த அம்மா ஒரு வரியின் கடைசி எழுத்துக்காக மட்டும் பத்து நிமிடம் அவர்களை நிறுத்தி வைத்தார். எல்லா வாயும் ஒரே நொடியில் மூட வேண்டும் என்பது அவர் கணக்கு. அடுத்து அவர் சொன்னதுதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. பக்கத்தில் நிற்பவள் மூச்சு வாங்கும் இடத்தில் நீ வாங்காதே, அவள் வாங்கும்போது நீ பாடிக்கொண்டிரு என்றார். அப்படிச் செய்தால் கேட்பவர் காதுக்கு அந்த முந்நூறு பேரும் மூச்சே விடாமல் பாடுவதுபோல இருக்கும்.

எனக்கு அது புதிதாகத் தெரியவில்லை. எங்கள் ஊர்ப் பக்கம் முளைப்பாரி ஊர்வலத்தில் பெண்கள் குலவை போடுவதைக் கேட்டிருக்கிறீர்களா? தெருமுனையில் தொடங்கிய குலவை கோயில் வாசல் வரை அறுபடாமல் வரும். ஒருத்திக்கு மூச்சு முடிகிற இடத்தில் அடுத்தவள் எடுத்திருப்பாள். யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. பக்கத்துக் குரலைக் கேட்டுக் கேட்டே படிந்த பழக்கம். கும்மியிலும் அப்படித்தான். ஒரு அக்கா எடுத்துக் கொடுப்பார், வட்டம் முழுக்க வாங்கிப் பாடும். வட்டம் பாடும்போது எடுத்துக் கொடுத்தவருக்கு மூச்சு கிடைத்துவிடும். அந்த வட்டத்தில் குரல் நன்றாக இல்லாதவர் என்று யாரையும் ஒதுக்கி வைத்து நான் பார்த்ததில்லை.

எங்கள் பக்கத்துக் கம்பம் பள்ளத்தாக்குக்குப் பாட்டு என்றால் கூட்டமாகப் பாடுவதுதான். பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராஜன் தம்பிகள் பாஸ்கர், இளையராஜா, கங்கை அமரன் ஆகியோரோடு சேர்ந்து ‘பாவலர் பிரதர்ஸ்’ என்று ஊர் ஊராகக் கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் பாடினார். 1958-இல் தேவிகுளம் இடைத்தேர்தல் வந்தபோது, மலைக்கு மேலே தேயிலைத் தோட்டத் தமிழ்த் தொழிலாளர்களிடம் கட்சி வேட்பாளர் ரோசம்மா புன்னூஸுக்காகப் பாடி வாக்குக் கேட்டார் பாவலர். அந்தத் தேர்தலில் ரோசம்மா ஜெயித்தார். அந்த மேடைகளில் ஆர்மோனியத்தோடு வளர்ந்த தம்பி இளையராஜாதான் 2005-இல் திருவாசகத்துக்குச் சேர்ந்திசையும் சிம்பொனி வாத்தியக் குழுவும் வைத்து இசை அமைத்தார்.

ஆனால் சேர்ந்து பாடுவதையே தன் வாழ்க்கை வேலையாக எடுத்துக்கொண்டவர் இன்னொருவர். எம்.பி. சீனிவாசன். பிறந்தது 1925-இல், சித்தூரில். பெயரின் முன்னால் நிற்கும் ‘எம்’ மானாமதுரை. எங்கள் ஆண்டிபட்டிக்குப் பக்கத்து அணையிலிருந்து இறங்குகிற வைகை மதுரையைத் தாண்டிப் போய்ச் சேருகிற அதே மானாமதுரை. சினிமாவில் அவர் பெரிய ஆள். ‘பாதை தெரியுது பார்’ அவர் இசை. ‘கால்பாடுகள்’ மலையாளப் படத்தில் யேசுதாஸை முதன்முதலாகச் சினிமாவுக்குப் பாட வைத்தவரும் அவர்தான். திரைப்பட இசைக் கலைஞர்களுக்குச் சங்கம் அமைத்துக் கூலிக்கும் மரியாதைக்கும் போராடினார். இத்தனையும் இருக்க, 1970-களின் தொடக்கத்தில் சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவைக் கட்டினார். கச்சேரி வித்வான்களைத் தேடிப் போகவில்லை. வேலைக்குப் போகிறவர்களும் படிக்கிறவர்களும் மாலையில் வந்து பாடினார்கள். பாரதியையும் பிற இந்திய மொழிப் பாடல்களையும் பல குரல்களுக்குப் பிரித்து அமைத்துக் கொடுத்தார்.

பிரித்து அமைப்பது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நம் சங்கீதத்தில் ஆண் குரலுக்கு ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை. பெண் குரலுக்கு ஐந்து கட்டை, அதற்கு முன்னே பின்னே. எல்லாரையும் ஒரே சுருதியில் ஒரே மெட்டைப் பாடச் சொன்னால் பாதிப் பேருக்குத் தொண்டை கட்டும், மீதிப் பேருக்குக் குரலே எழும்பாது. சேர்ந்திசையில் மேல் குரலுக்கு ஒரு வழி, கீழ்க் குரலுக்கு ஒரு வழி. இரண்டும் ராகத்தை விட்டு விலகாமல் நடக்க வேண்டும். ராகத்தின் முகம் கெடாமல் இதைச் செய்வதுதான் கஷ்டம். எம்.பி.எஸ். அதைச் செய்து காட்டினார். பள்ளிப் பிள்ளைகளை ஆயிரக்கணக்கில் ஒரே திடலில் நிறுத்திப் பாட வைத்தார். 1988 மார்ச் 9-ஆம் தேதி அவர் உயிர் பிரிந்தது லட்சத்தீவில். அங்கேயும் சேர்ந்திசைப் பயிற்சிக்குத்தான் போயிருந்தார். கடல் நடுவிலிருந்த பிள்ளைகளைத் தேடிப் போன மனிதரை நினைக்கும்போது, ஒரு மணி நேரம் கார் ஓட்டி வந்து கூடுவதை நாம் கஷ்டம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நம் ஆண்டு விழாவைப் பாருங்கள். பாட்டுப் போட்டி, பேச்சுப் போட்டி, மாறுவேடம். பிள்ளை தனியாக மேடையேறும், மூன்று நிமிடம் பாடும், இறங்கும். பெற்றோர் படம் எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுகிறோம். அடுத்த பிள்ளை பாடும்போது நாற்காலி காலி. போட்டி வேண்டாம் என்று சொல்லவில்லை. தனிக்குரலில் தேறிவரும் பிள்ளைக்கு அது வேண்டும். ஆனால் கூச்சப்படுகிற பிள்ளைக்கும், சுருதி இன்னும் சேராத பிள்ளைக்கும், நாற்பது வயதில் பாட ஆசைப்படுகிற அப்பாவுக்கும் நம் மேடையில் இடமே இல்லை. என் மகளைத் தனியாகப் பாடச் சொன்னால் இன்றைக்கும் அழுவாள். முந்நூறு பேருக்கு நடுவே அவள் நிமிர்ந்து நின்று பாடியதை என் கண்ணால் பார்த்தேன்.

தமிழ் படிப்பதற்கும் இது நல்ல வழி. இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு ழகரமும் ளகரமும் வராது என்று வார வகுப்பில் ஆசிரியைகள் தவிக்கிறார்கள். இரண்டு பக்கமும் சரியாகச் சொல்கிற குரல்கள் நின்றால் பிள்ளையின் நாக்கு தானாக அந்த இடத்துக்குப் போகும். நம் மொழியும் சேர்ந்து பாடுவதற்கு வசதியான மொழி. தமிழ்ச் சொல் எதுவும் வல்லின மெய்யில் முடிவதில்லை. உயிரில் முடியும், இல்லையென்றால் ம், ன், ல், ள், ர், ய் போன்ற நீட்டக்கூடிய ஒலியில் முடியும். என் மகளின் நடத்துநர் ‘ட்’ என்ற ஒலியை ஒன்றாக முடிக்கப் பட்ட பாடு நமக்கு இல்லை. நமக்குத் தேவை மகரத்தில் எல்லாரும் ஒன்றாக வாய் மூடுவதற்கு ஒரு கை அசைவு மட்டும்தான்.

எங்கே தொடங்குவது? தமிழ்த்தாய் வாழ்த்திலேயே தொடங்குவோம். மனோன்மணீயம் சுந்தரனார் 1891-இல் எழுதியது, மெல்லிசை மன்னர் மெட்டமைத்தது. 2021 டிசம்பர் 17-ஆம் தேதி தமிழ்நாடு அரசு அதை மாநிலப் பாடலாக அறிவித்தபோது, இசைத்தட்டில் ஒலிக்க விடுவதைத் தவிர்த்து, பயிற்சி பெற்றவர்கள் வாயால் பாட வேண்டும் என்றும் ஆணையில் சொன்னது. பாட்டு 55 நொடிதான். இன்று காலையில் நாம் ஒலிபெருக்கியில் அதைப் போட்டுவிட்டு வாய் மூடி நின்றோம். எழுநூறு தமிழர்கள் கூடிய மண்டபத்தில் அப்படி நின்றது எனக்கு வலித்தது.

அந்தப் பாட்டின் மெட்டு மோகன ராகம். ஐந்தே சுரம், அரைச் சுர இடைவெளியில் உரசிக்கொள்ளும் சுரங்கள் அதில் கிடையாது. ஆகவே மேல் குரலும் கீழ்க் குரலும் வேறு வேறு வழியில் போனாலும் காதைக் குத்தாது. முதல்முறை இரண்டு குரலில் பாடிப் பார்க்கிறவர்களுக்கு இதைவிடத் தோதான ராகம் எனக்குத் தெரியவில்லை. அது கைவந்த பிறகு ஒரு பாரதி பாட்டு. அதன் பிறகு ஒரு கும்மி. அதை எடுத்துக் கொடுக்க நம் பாட்டிமார்களைத்தான் முன்னால் நிறுத்த வேண்டும்.

பக்கத்து ஊர்ச் சங்கங்களிலும் பேசியிருக்கிறேன். அவரவர் ஊரில் பாடம் செய்து, பொங்கலுக்கு ஒரே மேடையில் கூடலாம் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். நம் ஊர்ப் பயிற்சி வருகிற சனிக்கிழமை, தமிழ்ப் பள்ளி வகுப்பு முடிந்த கையோடு அதே கூடத்தில் நடக்கும். குரல் தேர்வு கிடையாது. யார் மேல் குரல், யார் கீழ்க் குரல் என்று பிரிப்பதற்கு மட்டும் ஆளுக்கு ஒரு வரி பாடச் சொல்வோம். சுருதிப் பெட்டி என்னிடம் இருக்கிறது. பாட்டைப் பெரிய எழுத்தில் அச்சடித்துத் தருவதாகச் செயலாளர் சொல்லியிருக்கிறார். பெயர் எழுத நோட்டு சாப்பாட்டுக் கூடத்து வாசல் மேசையில் இருக்கிறது. பிள்ளைகளின் பெயரை எழுதுகிறவர்கள் அடுத்த வரியில் உங்கள் பெயரையும் எழுதிவிட்டுச் சாப்பிடப் போங்கள்.