காமிரா பழகுவோருக்குச் சில சொற்கள்

(நம் சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



எங்களை இம்மேடையில் பேசுமாறு பணித்தபோது முதலில் மறுத்தோம். நாங்கள் மூவரும் ரயில்வே காரியாலயத்தில் கோப்புப் புரட்டும் குமாஸ்தாக்கள். மெட்ரிகுலேஷனுக்கு மேற்பட்ட படிப்பில்லை. காமிராவைக் கையில் எடுத்தும் இரண்டாண்டுகளே ஆகின்றன. ஆயினும், தவறு செய்தவர்கள் சொல்லும் பாடமே மனத்தில் தைக்கும் என்று செயலாளர் வற்புறுத்திவிட்டார். அத்தவறு யாதென்று இங்குள்ளோரில் பலர் அறிவீர்கள்.

சென்ற ஆண்டு விழாவில் குத்துவிளக்கு ஏற்றியவர் நம் காலனியின் மூத்த பாட்டியார். படமெடுக்கும் பொறுப்பு எங்களுடையது. ஆடி மாதத்தில் பாட்டியார் இறைவனடி சேர்ந்தார். காரியத்தன்று மாலையிட்டு வைக்க ஒரு படம் வேண்டுமென்று அவருடைய மகனார் எங்களிடம் வந்தார். எங்களிடமிருந்த ஒரே படத்தில் விளக்கு தெரிந்தது. வெள்ளைப் புடவை தெரிந்தது. முகம் மட்டும் காலில் மிதிபட்ட கோலம்போல் கலைந்திருந்தது. விளக்கின் சுடரைச் சுற்றிப் பனிமூட்டம்போல் ஒரு வெளுப்பு வேறு. "பரவாயில்லை, விளக்காவது தெரிகிறதே" என்று சொல்லி அவர் பெற்றுக்கொண்டு போனார். கடிந்து பேசியிருந்தால் எங்களுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்த ஒரு படத்தைப் பல வாரங்கள் எதிரில் வைத்துக்கொண்டு ஆராய்ந்தோம். முகம் கலைந்ததற்கு ஒரு காரணம், வெளுப்புக்கு வேறொரு காரணம் என்று கண்டோம்.

முதற் காரணத்தைச் சொல்ல எங்கள் தொழிலிலிருந்தே உவமை தருகிறோம். டிக்கெட் கொடுக்கும் ஜன்னலை நினைத்துக் கொள்ளுங்கள். ஜன்னல் எவ்வளவு அகலம் என்பது காமிராவில் அபெர்ச்சர். எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பது ஷட்டர். உள்ளே இருக்கும் குமாஸ்தா எவ்வளவு விரைவாக வேலை செய்கிறார் என்பது ஐ.எஸ்.ஓ. மிக விரைந்து எழுதும் குமாஸ்தாவின் கணக்கில் பிழை மலிவதுபோல, ஐ.எஸ்.ஓ. எண்ணை மிக உயர்த்தினால் படத்தில் மணல் தூவியதுபோல் புள்ளிகள் தோன்றும். அபெர்ச்சர் எண்கள் தலைகீழானவை என்பதில்தான் எல்லோரும் தடுமாறுகிறோம். 4 என்றால் அகன்ற வழி. 16 என்றால் குறுகிய வழி. 4, 5.6, 8, 11, 16 என்று ஒவ்வொரு படி ஏறும்போதும் உட்புகும் ஒளி பாதியாகக் குறையும். நல்ல வெயிலில் அபெர்ச்சரை 16இல் வைத்து, ஐ.எஸ்.ஓ. 100 ஆனால் ஷட்டரை விநாடியில் நூறில் ஒரு பங்குக்கு வைத்தால் படம் சரியாக வரும். இதைப் பழைய பிலிம் காலத்தவர்கள் மனப்பாடமாகவே வைத்திருந்தார்கள்.

இனி எங்கள் பிழை. மேடைக்குப் பின்னால் கருநீலத் திரை. காமிராவோ தானியங்கி முறையில் இருந்தது. கறுப்பைக் கண்டாலும் வெள்ளையைக் கண்டாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாக்கவே காமிரா முயலும். எனவே திரையை இருளென்று எண்ணி ஷட்டரை விநாடியில் பதினைந்தில் ஒரு பங்கு நேரம் திறந்து வைத்தது. பாட்டியார் குனிந்து திரியைத் தூண்டினார், முகம் இழுபட்டது. லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேயர் 1858ஆம் ஆண்டில் தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஒட்டி, ஒரே நீளப் படமாக்கினார். ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தாலும் கல்வெட்டு அசையாது. மனிதர் அசைவர்.

இப்போது நாங்கள் ஷட்டரைக் கையாலேயே அமைக்கிறோம். நின்று பேசுவோருக்கு 125இல் ஒரு பங்கு, குழந்தைகளின் கும்மிக்கும் கோலாட்டத்துக்கும் 250இல் ஒரு பங்குக்குக் குறையாமல். விளக்குகள் விநாடிக்கு நூறு முறை ஒளிர்ந்து மங்குவதால் சில வேளை படத்தில் பட்டை பட்டையாக விழும். அப்போது 100இல் ஒரு பங்குக்கு இறங்கி விடுகிறோம். இன்னொன்று: எங்கள் 18–55 லென்ஸில் தூரத்திலிருந்து இழுத்தெடுத்தால் வழி 5.6க்கு மேல் அகலாது. நாலடி முன்னே நடந்து 18இல் எடுத்தால் 3.5 கிடைக்கும்; ஏறக்குறைய இரண்டரை மடங்கு ஒளி. சென்ற ஆண்டு நாங்கள் நாற்காலியை விட்டு எழுந்திருந்தாலே பாதிப் பிழை தீர்ந்திருக்கும்!

வெள்ளை வேட்டி சட்டையில் வரிசையாக நிற்கும் நம் பெரியவர்களை எடுக்கும்போது இதற்கு நேர்மாறான தொல்லை. வேட்டி அழுக்காகவும் முகங்கள் இருளடைந்தும் வரும். அப்போது ஒளியைக் கூட்டும் அமைப்பில் +1 வையுங்கள்.

அடுத்து அந்த வெளுப்பு. லென்ஸைக் கழற்றி, பின்புறமிருந்து டார்ச் வெளிச்சம் பாய்ச்சிச் சாய்த்துப் பார்த்தோம். உள்ளே சிலந்தி நூல்போல் பூசணம் கிளை விட்டிருந்தது. கரக்பூரின் மழைக்காலத்தை உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை, அப்பளம்கூடத் தாங்காது. நாங்களோ காமிராவை உறையுடன் மர அலமாரியில் நான்கு மாதம் பூட்டி வைத்திருந்தோம், பத்திரமென்று எண்ணி! பூசணம் முற்றினால் கண்ணாடியையே அரித்துவிடும். பிரித்துத் துடைக்கக் கேட்ட கூலியோ, பழைய லென்ஸ் ஒன்று வாங்கும் விலைக்கு வந்தது.

இப்போது காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலங்களுடன் வைக்கிறோம். உள்ளே ஈரம் காட்டும் சிறு கருவியும் உண்டு. நூற்றுக்கு 40 முதல் 50 வரை நின்றால் நலம். நீல நிறச் சிலிகா ஜெல் ஈரம் குடித்தால் இளஞ்சிவப்பாகும். அதைச் சமையல் வாணலியில் வறுத்துவிடாதீர்கள். அந்நீலம் கோபால்ட் உப்பு, நஞ்சு. ஆரஞ்சு நிறத்தது கிடைத்தால் அதையே வாங்குங்கள். எல்லாவற்றினும் மேலாக, வாரம் ஒரு முறையேனும் காமிராவை வெளியே எடுத்துப் பயன்படுத்துங்கள்.

துடைப்பதிலும் பொறுமை வேண்டும். தூசி என்பது பொடி மணல். வேட்டித் தலைப்பால் தேய்த்தால் கண்ணாடியின் மேற்பூச்சில் கீறல் விழும். முதலில் ரப்பர் ஊதியால் ஊதி, மென்மையான தூரிகையால் தட்டி, அதன் பின்னரே லென்ஸ் துணி. திரவத்தைத் துணியில் இட வேண்டும், கண்ணாடியில் அன்று. வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். ஊருக்குச் சென்று குளிர்சாதனப் பெட்டியில் திரும்புவோர், பிளாட்பாரத்தில் இறங்கியவுடன் காமிராவை உருவ வேண்டாம், கண்ணாடி வியர்த்துவிடும். மூடிய பைக்குள்ளேயே அரைமணி நேரம் இருக்கட்டும்.

இவ்வாண்டு விழாவன்று மாலை 4 மணிக்கே மேடை விளக்குகளைப் போட்டுச் சோதனை செய்யவிருக்கிறோம். பெரியவர் ஒருவர் குத்துவிளக்கருகே பத்து நிமிடம் நின்று, குனிந்து நிமிர்ந்து உதவினால் போதும். மேலும், ஞாயிறுதோறும் காலை 8 மணிக்குச் சங்க நூலகத்தில் இருப்போம். கிழக்கு ஜன்னலில் அப்போது நல்ல வெளிச்சம். உங்கள் வீட்டுத் தாத்தா பாட்டிமாரை அழைத்து வாருங்கள். கட்டணம் எதுவுமில்லை.