பெயரை அழித்தால் ஆள் மறைந்துவிடுமா?

(மருத்துவ மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய ஒரு கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நிலம், சுடுகாட்டுப் பாதை, இரட்டைக் குவளை என்று பேசுகிற இடத்தில் இன்றைக்கு விநோதமான தலைப்பு. டாக்டருங்க ஆன்லைனில் படிக்கிற பாடத்துக்கும் சேரிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் இருக்கு. அந்தப் பாடத்தில் திரையில் வருகிற உடம்பு யாருடையது என்று பாருங்கள்.

பட்டம் வாங்கியதோடு டாக்டருக்குப் படிப்பு முடிவதில்லை. ஐந்து ஆண்டுக்கு 30 மணி நேரமாவது தொடர் மருத்துவக் கல்வி பெற வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகள் சொல்கின்றன. சி.எம்.இ. என்பார்கள். (கவுன்சில் 2020இல் போய் தேசிய மருத்துவ ஆணையம் வந்தது. ஆணையம் 2023 ஆகஸ்டில் புது விதிகளை அறிவித்தது. அதே மாதத்தில் நிறுத்திவைத்துவிட்டுப் பழையதற்கே உயிர் கொடுத்தது.) கொரோனாக் காலத்தில் இந்த வகுப்புகள் இணையத்துக்குப் போயின. போகட்டும். நம்மைத் தொட்டுப் பார்க்கிற டாக்டர் புதுசா வந்த மருத்துவத்தைத் தெரிஞ்சிக்கிட்டா நமக்குத்தான் நல்லது. அதில் சண்டை இல்லை.

சண்டை எங்கே என்றால், பாடம் நடத்த 'கேஸ்' வேண்டும். கேஸ் எங்கிருந்து வரும்? பெரிய தனியார் ஆஸ்பத்திரியில் தனி அறை எடுத்துப் படுத்திருக்கிற முதலாளியின் புண்ணைப் படம் பிடிக்க எவனுக்குத் துணிச்சல் வரும்? ஜி.எச். வார்டில், கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுக் கிடக்கிறாளே, அவள்தான் கேஸ். முன்பு 40 பேர் உட்கார்ந்த அறையில் ஸ்லைடு ஓடும், முடிந்ததும் பெட்டிக்குள் போய்விடும். இப்போது வகுப்பையே பதிவு செய்கிறார்கள். பார்க்கிறவர் செல்போனில் ஒரு படம் எடுத்து வாட்ஸ்அப்பில் தள்ளிவிட்டால் அது எந்த ஊர், எந்த வீடு போகும் என்று யாருக்கும் தெரியாது.

அதே 2002 விதிகளில் ஒன்று: நோயாளியின் அடையாளம் தெரியும்படி அவர் படத்தையோ நோய் விவரத்தையோ அனுமதி இல்லாமல் இதழ்களில் வெளியிடக் கூடாது. நல்ல விதிதான். அடுத்த வரியைப் படியுங்கள். அடையாளம் தெரியாது என்றால் சம்மதம் தேவையில்லையாம். தெரியுமா தெரியாதா என்று தீர்மானிக்கிறவர் யார்? டாக்டரே. இணைய வகுப்பு என்ற பேச்சே அந்த விதியில் கிடையாது.

அவர்களுக்கு அடையாளம் என்றால் பெயர். பெயரை எடுத்துவிட்டு, கண்ணில் கறுப்புப் பட்டை போட்டால் ஆள் மறைந்துவிட்டாராம். கண்ணை மட்டும் மறைத்தால் போதாது என்று மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழுவே பல காலமாகச் சொல்லி வருகிறது. நம்ம பெண்கள் முன்கையில் புருசன் பெயரைப் பச்சை குத்தியிருப்பார்கள். பட்டை கண்ணில், பெயர் கையில்! அது கிடக்கட்டும். 'வயது 45, துப்புரவுப் பணியாளர், இன்ன தாலுகா' என்று போட்டால் நம் ஆட்களுக்கு இன்னும் என்ன பாக்கி இருக்கு? தொழில் சாதியைச் சொல்லிவிட்டது. தாலுகா ஊரைக் காட்டிவிட்டது. முன்பின் தெரியாதவன் கண்டுபிடிக்க மாட்டான், உண்மை. பக்கத்துத் தெருக்காரன் கண்டுபிடிப்பான். நமக்கு ஆபத்து எப்போதும் அந்தப் பக்கத்துத் தெருவில் இருந்துதான்.

2018இல் அவினாசிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தலித் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஊர்க்காரர்கள் ரகளை செய்தார்களே, நினைவிருக்கிறதா? அப்படிப்பட்ட ஓர் ஊரில், சமைக்கிற அந்த மாதிரிப் பெண்ணுக்குக் காசநோய் வந்து, குணமாகி, அவள் படம் மட்டும் ஒரு வகுப்பில் இருந்து கசிந்தால் என்ன ஆகும்? தீட்டு என்று வெளிப்படையாகச் சொல்ல முடியாதவன் சுகாதாரம் என்று சொல்லுவான். எச்.ஐ.வி. தொற்றுள்ளவர்கள் அமைப்பாகத் திரண்டு கேட்டதால் அவர்களுக்கு 2017இல் தனிச் சட்டம் வந்தது, நோயை வெளியே சொல்ல எழுத்தில் சம்மதம் வேண்டும் என்று. காசநோய்க்கும் தொழுநோய்க்கும் அப்படி ஒரு சட்டம் இல்லை. 2023இன் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நோய் விவரத்துக்கென்று தனி வகை வைக்கவில்லை.

கறுப்பர்களின் கதையைப் பாருங்கள். 1951இல் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை. ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் புற்றுத் திசுவை அவரைக் கேட்காமல் எடுத்தார்கள். அந்தச் செல்கள் சாகாமல் பெருகி உலகத்து ஆய்வுக்கூடங்களுக்கெல்லாம் போயின. அவர் பெயரை 'ஹீலா' என இரண்டிரண்டு எழுத்தாக்கினார்கள். குடும்பத்துக்கு விசயம் தெரிந்தது 1973இல். 1985இல் ஒரு புத்தகம் அவருடைய மருத்துவக் குறிப்பையே எடுத்துப் போட்டது. 2013இல் அந்தச் செல்லின் மரபணு வரிசையை மொத்தமாக இணையத்தில் ஏற்றினார்கள், அப்போதும் பிள்ளைகளைக் கேட்கவில்லை. அவர்கள் விடவில்லை. அந்த விவரத்தை யார் பார்க்கலாம் என்று முடிவு செய்யும் குழுவில் அன்று முதல் குடும்பத்தாரும் உட்கார்ந்தார்கள். அந்த நாற்காலியைத்தான் நான் கேட்கிறேன்.

'கைநாட்டு வாங்கித்தானே வைத்திருக்கிறோம்' என்பார்கள். அது ஆபரேசனுக்கு வாங்கிய கைநாட்டு. இணையத்தில் காட்ட வேறு தாள் வேண்டும், தமிழில், வாசித்துக் காட்டி. கத்தி வைக்கப்போகிற டாக்டரே கேட்டால் அவள் என்ன சொல்லுவாள்? 'நீங்க பார்த்துச் செய்யுங்க சாமி' என்பாள். அது சம்மதமா? ஆகவே கேட்கிறவர் வேறு ஆளாக இருக்க வேண்டும். முடியாது என்றாலும் வைத்தியம் குறையாது என்று தாளிலேயே எழுத வேண்டும். அடையாளம் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் கேட்க வேண்டும்.

இட ஒதுக்கீட்டில் போராடி உள்ளே போன நம்ம பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. நாளைக்கு நீங்களும் இந்த வகுப்பு எடுப்பீர்கள். எக்ஸ்ரேயின் மூலையில் பெயரும் ஓ.பி. எண்ணும் இருக்கும். பவர்பாயிண்டில் ஓரத்தை வெட்டினால் திரையில் போகும், கோப்புக்குள் அப்படியே இருக்கும். வாங்குகிறவன் இழுத்து விரித்தால் திரும்ப வந்துவிடும். வெட்டிய பகுதியை நீக்கு என்று தனியாகக் கட்டளை கொடுக்க வேண்டும்.

தமிழ்ப் படிவத்தின் வரைவை மருத்துவ மாணவர்கள் எழுதுங்கள். நம்ம தெருவில் கையெழுத்துப் போடத் தெரியாத நாலு அம்மாக்களிடம் வாசித்துக் காட்டுங்கள். எந்த வரியில் முழிக்கிறார்கள் என்று குறித்துக்கொண்டு அடுத்த கூட்டத்துக்கு வாங்க. ஆஸ்பத்திரி டீனிடம் அதை எப்படிக் கொண்டுபோவது என்று அப்போது பேசுவோம்.